வெள்ளைச் சுறாக் குட்டியின் வயிற்றில் என்ன இருக்கும்?

மீன் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது என் தொழில். எந்த மீன் எதைத் தின்று வாழ்கிறது என்று தெரிந்தால்தான் எதை எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்ல முடியும். ஆனால் சிட்னியில் நம்மவர்கள் வீட்டு விருந்துக்குப் போனால் அவர்கள் கேட்பது வேறு: "பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகிறோம், சுறா வருமா?"

வரும். கரையை ஒட்டி வரும் வெள்ளைச் சுறாக்களில் பல இளசுகள். நியூகாசிலுக்கு வடக்கே ஸ்டாக்டன் கடற்கரை முதல் ஹாக்ஸ் நெஸ்ட் வரையிலான கடலோரம் அவை வளரும் இடம். குட்டி என்றதும் கையளவு என்று நினைத்துவிடாதீர்கள். பிறக்கும்போதே 1.2 முதல் 1.5 மீட்டர் வரை நீளம். தாயின் வயிற்றுக்குள் கருவுறாத முட்டைகளைத் தின்றே அவ்வளவு வளர்ந்துவிடுகிறது. வெளியே வந்த பிறகு தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் இரையை அதுவே தேடிக்கொள்ள வேண்டும்.

டிவியில் சீல் (கடல்நாய்) ஒன்றைத் தூக்கியடிக்கிறதே, அது வளர்ந்த சுறா. குட்டியின் பல் குறுகலாக, கூராக இருக்கும். வழுக்கும் மீனைக் கவ்வத்தான் அது சரி. சதையை அறுக்கும் அகலமான ரம்பப் பல் பின்னால்தான் வரும். தாடைக் குருத்தெலும்பும் மெல்லத்தான் இறுகும். ஏறக்குறைய 3 மீட்டர் நீளம் ஆன பிறகே அது சீல் பக்கம் திரும்புகிறது.

அதுவரை என்ன சாப்பாடு? நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குளிப்பவர்களைக் காக்கக் கரையோரம் போடும் சுறா வலைகளில் சிக்கிய 40 இளஞ்சுறாக்களின் வயிற்றை ஆராய்ந்து, சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் கணக்குச் சொன்னார்கள். எண்ணிக்கைப்படி 32.2 சதவீதம் ஆஸ்திரேலியன் சால்மன் போன்ற நடுநீர் மீன்கள். (பெயரில்தான் சால்மன், அந்தக் குடும்பமே இல்லை.) 17.4 சதவீதம் தரை மீன்கள், 14.9 சதவீதம் திருக்கை வகை, 5 சதவீதம் பார் மீன்கள், அதாவது கடலடிப் பாறைகளை ஒட்டி வாழ்பவை. கணவாய் குறைவு.

எனக்குப் பிடித்தது அந்தத் தரை மீன் கணக்குதான். அதில் ஸ்டார்கேஸர் என்றொரு மீன் உண்டு. மணலுக்குள் உடம்பைப் புதைத்து, கண்ணை மட்டும் மேலே வைத்துக்கொண்டு கிடக்கும். அதைத் தின்ன வேண்டுமென்றால் சுறா தரைக்கே போயாக வேண்டும். துடுப்பு நீருக்கு மேலே தெரிய வட்டமிடும் சுறாவை நாம் தேடிக்கொண்டிருக்க, அது கீழே மணலில் மேய்கிறது.

வயிற்றிலிருந்து முழு மீன் கிடைப்பது அபூர்வம். சல்லடையில் ஊற்றிக் கழுவினால் முதுகெலும்புத் துண்டுகள், கண்ணின் லென்ஸ், மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கற்கள் மிஞ்சும். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக, வெள்ளையாக ஒரு கல். அதன் வடிவத்தை வைத்தே இன்ன மீன் என்று சொல்லிவிடலாம். கணவாயின் அலகு சீக்கிரம் கரையாது, அதனால் எண்ணும்போது கணவாய்க்குக் கொஞ்சம் அதிகமாகவே விழும் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம். இன்னொன்று, அந்த 40 சுறாக்களும் கரையோர வலையில் விழுந்தவை. ஆழ்கடலில் அவை என்ன தின்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கு சாட்சி ஆகாது.

வலைதான் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இறங்குகிறார்கள். ஒரு வலை 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம், அவ்வளவுதான். கடற்கரையை அது வேலிபோல் அடைக்காது. மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் சுறா தாராளமாகப் போய்வரும். அதனால் நான் வலையை நம்பிச் சொல்வதில்லை, மீனைப் பார்க்கச் சொல்கிறேன். கடற்பறவைகள் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தாலோ, சால்மன் கூட்டம் கறுப்புத் திட்டாகக் கரையோரம் நகர்ந்தாலோ அங்கே குளிக்க வேண்டாம். விடியலிலும் அந்தியிலும், மழைக்குப் பின் நீர் கலங்கியிருக்கும்போதும் இறங்க வேண்டாம். உயிர்காப்பாளர்கள் நட்ட சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே நில்லுங்கள். இரை என்று எண்ணித்தான் கடிக்க வேண்டும் என்றில்லை; 2 மீட்டர் மீன் சும்மா கவ்விப் பார்த்தாலும் தையல் போட வேண்டியிருக்கும்.

போன கோடையில் நண்பர் ஒருவர் பாறைமேல் உட்கார்ந்து தூண்டிலில் பிடித்த சால்மனைக் கழுவிக்கொண்டிருந்தார். குடலையெல்லாம் தண்ணீரில் வீசுகிறார். பத்தடி தள்ளி அவர் பிள்ளைகளே நீந்துகிறார்கள். "பையில் போடுங்க அண்ணே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். அப்புறம் மெல்ல, "இந்த ஊரில் புட்டு வைக்கச் சுறா எங்கே தம்பி கிடைக்கும்?" என்று கேட்டார். மீன் கடையில் 'ஃபிளேக்' என்று கேளுங்கள், அது சுறாதான் என்றேன்.