இருட்டினால் அணைந்துபோன கேமரா

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் மைத்துனர் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஓர் இரவு சில்க் போர்டு சந்திப்பில் ஒரு வேன் அவருடைய காரை உரசி, முன் பம்பரைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. காரின் முன்கண்ணாடியில் பொருத்திய கேமராதான் இருக்கிறதே என்று நம்பிப் பதிவைத் தேடினால், 10.28-க்கு ஒரு கோப்பு முடிந்திருந்தது, அடுத்தது 10.31-க்குத் தொடங்கியிருந்தது. உரசல் அந்த மூன்று நிமிட இடைவெளியில் விழுந்துவிட்டது.

“கேமராவே சரியில்லை போலிருக்கிறது மாமா, மாற்றிவிடலாமா?” என்று கேட்டார். பகலில் ஒரு கோளாறும் இல்லையாம். இருட்டிய பிறகுதான் அடிக்கடி அணைந்து மீண்டும் உயிர்பெறுமாம். அந்த ஒரு தகவலே எனக்குப் போதுமானதாக இருந்தது. கேமராவை விட்டுவிட்டு வயரைப் பார்த்தேன்.

யூஎஸ்பி மீட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு கருவி கிடைக்கிறது. கேபிளின் முனைக்கும் கேமராவுக்கும் நடுவே செருகினால் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் காட்டும். வெளிச்சத்தில் 4.6 வோல்ட், 0.5 ஆம்பியர் காட்டியது. பிறகு கேமராவை உள்ளங்கையால் மூடினேன். இருட்டாகிவிட்டது என்று எண்ணி, காரின் உட்புறத்தைப் படம் பிடிப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகளை அது ஏற்றியது. மீட்டரில் ஆம்பியர் 0.9 ஆனது, வோல்ட் 4.2-க்கு இறங்கியது. திரை கறுத்தது. சில நொடிகளில் நிறுவனத்தின் சின்னம் தோன்றியது.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்த அடாப்டர் 5.1 வோல்ட் ஒழுங்காகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து கண்ணாடிக்கு மேலே வரை மூன்றரை மீட்டர் கேபிள். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் உண்மையில் ஏழு மீட்டர். கடையில் போட்டுக்கொடுத்த அந்தக் கேபிளுக்குள் இருந்தது மெல்லிய செம்பு இழை. மின்தடை ஏறக்குறைய ஓர் ஓம். பள்ளியில் படித்த ஓம் விதிதான்: 0.5 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும், 0.9 ஓடினால் 0.9 வோல்ட் போய்விடும். கார் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் தாங்கலாம். ஐந்து வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் கேமரா தாங்காது.

கர்நாடகத்தில் இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1902-இல் சிவனசமுத்திரத்து நீர்மின்சாரத்தைச் சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு, நம் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய அந்தச் சுரங்கங்களுக்கு, உயர் மின்னழுத்தத்தில்தான் அனுப்பினார்கள். ஒரே அளவு ஆற்றலை அதிக வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் குறையும். ஆம்பியர் குறைந்தால் வழியில் ஏற்படும் இழப்பும் குறையும். காருக்குள்ளும் அதையே செய்யலாம். 12 வோல்ட்டை அப்படியே மேலே கொண்டுபோய், கேமராவுக்குப் பக்கத்தில் 5 ஆக்க வேண்டும்.

அப்படி ஆக்கும் சிறு பெட்டிக்குள் ஒரு மின்னணுச் சுவிட்ச் விநாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. துண்டு துண்டாக வரும் அந்த மின்சாரத்தைச் சுருளும் மின்தேக்கியும் சமப்படுத்தி, சீரான 5 வோல்ட்டாகத் தருகின்றன. மட்டமான பெட்டியாக இருந்தால் எஃப்எம் ரேடியோவில் இரைச்சல் கேட்கும். அதை வாங்க வேண்டாம்.

மின்சாரத்தை ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுத்தோம். இதற்கென்று இரண்டு ஃபியூஸ் பொருத்தும் செருகி இருக்கிறது: பழைய ஃபியூஸ் ஒன்று, கேமராவுக்கென 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. இதைத் திருப்பிப் போட்டால் கேமராவின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். அதனால் மின்சாரம் வரும் முனை எது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருக வேண்டும். ஏர்பேக், பிரேக் ஆகியவற்றின் ஃபியூஸ்களில் கையே வைக்கக் கூடாது.

கார் நிற்கும்போதும் பதிவாக வேண்டும் என்று மைத்துனர் ஆசைப்பட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். நிறுத்திய நிலையில் கேமரா 3 வாட் எடுத்தால், 12 வோல்ட்டில் அது கால் ஆம்பியர். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. தீபாவளிக்கு நான்கு நாள் ரயிலில் ஊருக்குப் போய்த் திரும்பினால் 24 தீர்ந்திருக்கும். சிறிய கார் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலாது. நிரம்பிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், பாதி காலியானால் ஏறக்குறைய 12.2. அந்த அளவுக்கு இறங்கியதும் தானே துண்டித்துக்கொள்ளும் பெட்டியைத்தான் பொருத்தினோம்.

வயரை ஒளிப்பதில் பலர் அழகை மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான பயம் உண்டு. கூரை லைனிங்கின் ஓரத்தில் செருகி, கதவு ரப்பரின் கீழே இறக்குவது எளிது. ஆனால் பக்கவாட்டில் திரைபோல் விரியும் ஏர்பேக் உள்ள கார்களில், முன் பில்லரின் (முன்கண்ணாடியின் ஓரத்தில் உள்ள தூணின்) மூடிக்குள்ளும் கூரை ஓரத்திலும் அந்தப் பை மடிந்து கிடக்கிறது. மோதலின்போது விநாடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் அது விரிய வேண்டும். வயர் அதன் முன்னால் குறுக்கே போனால் விரிவதற்குத் தடையாகும். மூடியைக் கழற்றி, பைக்குப் பின்னால் ஏற்கெனவே ஓடும் வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். பெட்டியைத் துணி டேப்பால் சுற்றிக் கட்டினால் குழிகளில் இறங்கும்போது கடகடக்காது.

எல்லாம் முடிந்ததும் மீட்டரை மறுபடி செருகி, கேமராவை உள்ளங்கையால் மூடினேன். அகச்சிவப்பு விளக்குகள் ஏறின. 0.9 ஆம்பியர், 5.0 வோல்ட். பதிவைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி திரையில் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.