விழித்திரைப் பிரிகூறு வளர்ப்பு: சொல் விளக்கம்

முழு வளர்ச்சி அடைந்த மீனின் கண்ணிலிருந்து விழித்திரையைப் பிரித்து, சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஊட்டக் கரைசலில் பல நாள் உயிரோடு வைத்து ஆராயும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘ரெட்டினல் எக்ஸ்பிளாண்ட் கல்ச்சர்’ என்று பெயர். இதைத் தமிழில் ‘விழித்திரைத் திசு வளர்ப்பு’ என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் நடுவில் இருக்கும் எக்ஸ்பிளாண்ட் அதில் காணாமல் போய்விடும். இந்த முறையின் தனித்தன்மையே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

எக்ஸ்பிளாண்ட் லத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘பிளாண்டாரே’ என்றால் நடுதல். உடலுக்குள் ஒன்றைப் பொருத்தினால் இம்பிளாண்ட். ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்தால் டிரான்ஸ்பிளாண்ட். உடலிலிருந்து எடுத்து உடலுக்கு வெளியிலேயே வாழவிட்டால் எக்ஸ்பிளாண்ட். விலங்குத் திசுவை இப்படி வெளியே வாழவைக்க முடியும் என்பதை நன்றாகக் காட்டியவர் அமெரிக்க உயிரியலாளர் ராஸ் ஹாரிசன். 1907-இல் தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் வைத்து, அதிலிருந்து நரம்பிழை நீண்டு வருவதை நுண்ணோக்கியில் பார்த்தார்.

தமிழில் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. தாவரத் திசு வளர்ப்புப் பாடங்களில் ‘பிரிகூறு’ என்ற அருமையான சொல் ஏற்கெனவே புழங்குகிறது. பிரித்த கூறு, பிரிக்கிற கூறு, பிரிக்கும் கூறு என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை அது. அதனால்தான் நடுவில் ‘க்’ மிகவில்லை. இலைத் துண்டுக்குப் பொருந்தும் சொல் விழித்திரைத் துண்டுக்கும் பொருந்தும்.

‘கூறு’ என்பதை நான் வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. செல் வளர்ப்பில் நொதியைக் கொண்டு திசுவைக் கரைத்து, செல்களைத் தனித்தனியாக உதிர்த்துவிடுகிறார்கள். எந்தச் செல் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது அப்போதே அழிந்துவிடும். பிரிகூற்றில் அப்படி இல்லை. ஒளியை உணரும் செல்கள், அவற்றிடமிருந்து செய்தியைக் கடத்தும் இருமுனைச் செல்கள், அதை மூளைக்கு அனுப்பும் முடிச்சுச் செல்கள், இவற்றை ஊடுருவித் தாங்கி நிற்கும் முல்லர் செல்கள் எல்லாம் பெரும்பாலும் அடுக்கு குலையாமல் இருக்கும். உதிரிச் செல்லும் கூறும் ஒன்றல்ல.

சரி, மீன் எதற்கு? பாலூட்டிகளில் பார்வை நரம்பு அறுந்தால் தானாக மீண்டும் வளராது, மீனில் வளரும். வரிக்குதிரை மீனில் அழிந்த விழித்திரைச் செல்கள்கூட முல்லர் செல்களிலிருந்து புதிதாக உருவாகின்றன. 1970-களில் லேண்ட்ரத், அக்ரனாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் வளர்ந்த தங்கமீனின் விழித்திரையைப் பிரிகூறுகளாக வளர்த்தார்கள். சில மீன்களில் மட்டும் முன்கூட்டியே பார்வை நரம்பை நசுக்கி, சில நாள் விட்டு, அப்புறம் விழித்திரையை எடுத்தார்கள். அந்தத் துண்டுகளிலிருந்து நரம்பிழைகள் மிக அடர்த்தியாக முளைத்தன. காயம் தூண்டிவிட்ட மறுவளர்ச்சி, உடலை விட்டுப் பிரிந்த பிறகும் திசுவில் தொடர்ந்தது என்று பொருள். எனக்கு இன்றும் வியப்பூட்டும் முடிவு இது.

விழித்திரையைப் பிரிக்கும் வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. மீனை முதலில் இருட்டில் வைத்திருப்பார்கள். வெளிச்சத்தில் விழித்திரைக்குப் பின்னுள்ள நிறமிப் படலத்தின் கருந்துகள்கள் ஒளியுணர் செல்களுக்கிடையே நீண்டுவிடும், இருட்டில் பின்வாங்கும். அப்போது விழித்திரை கறுப்பு ஒட்டாமல் எளிதாகக் கழன்று வரும். மீன் திசு என்பதால், பாலூட்டித் திசுவுக்கு வேண்டிய 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் தேவையில்லை, அதைவிடக் குளிர்ந்த நிலையே ஏற்றது.

‘கல்ச்சர்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு உழுதல், பேணுதல் என்று பொருள். தமிழின் ‘வளர்ப்பு’ அதற்கு மிகச் சரியான இணை. வளர்தல் வேறு, வளர்ப்பு வேறு. வளர்ப்பில் பேணிக் காப்பதும் அடங்கும். இங்கே அந்தப் பொருள்தான் முக்கியம். தட்டில் இருக்கும் துண்டு பெருத்துப் புது விழித்திரையாக மாறிவிடாது. அதைச் சாகாமல் காப்பதும், அதிலிருந்து இழைகள் முளைக்க இடம் கொடுப்பதுமே வேலை.

‘ரெட்டினா’வின் வேர் வலையைக் குறிக்கும் ‘ரேட்டே’. தமிழ் அதை விட்டுவிட்டு, உருவம் விழும் இடம் என்ற பொருளில் விழித்திரை என்றது. அது நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டாம். ‘டிஷ்யூ’வின் மூலம் நெய்தல், இலங்கைத் தமிழில் வழங்கும் ‘இழையம்’ அந்தப் பொருளைத் தமிழ் வேரிலேயே தருகிறது. திசு என்று எழுதினாலும் குறையில்லை.

முழு வளர்ச்சி அடைந்த மீன் என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் முன்னால் சேர்க்கும் ‘அடல்ட்’ என்பதற்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘வளர்ந்த மீன் விழித்திரைப் பிரிகூறு வளர்ப்பு’ என்றால் ‘வளர்’ இருமுறை வந்து இடறுகிறது. ‘முதிர்ந்த’ என்றால் கிழட்டு மீனோ என்று தோன்றலாம். இருந்தாலும் கருவுக்கும் குஞ்சுக்கும் எதிர்நிலையாக உயிரியலில் ‘முதிர்’ பழகிய வேர். ‘முதிர்மீன் விழித்திரைப் பிரிகூறு வளர்ப்பு’ என்று ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அதன் பிறகு வெறும் ‘பிரிகூறு’ என்றே எழுதிக்கொண்டு போகலாம்.