அக்கா எழுதி வைத்த தாள்

ஏழெட்டு நாய்களோடு தனியாக வாழும் ஒருவர் திடீரென்று இறந்துபோனால், மறுநாள் காலை அந்த நாய்களுக்குச் சாப்பாடு வைப்பது யார்? நாய்க் கண்காட்சி வட்டாரத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சிரித்து மழுப்புவார்கள். தங்கள் நாயின் ஐந்து தலைமுறைப் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. எனக்குத் தெரிந்து பதிலைத் தாளில் எழுதி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். போன வருடம் காலமான எங்கள் அக்கா.

சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே அவர் அக்காதான். சுருட்டை முடியுள்ள பெரிய நாய் இனமான ஸ்டாண்டர்ட் பூடில் வளர்த்தார். அவருடைய நாய்களுக்கு மருத்துவராகப் போய் நண்பனானவன் நான். நடுவர் முன்னால் நாய்களை நடத்திக் காட்டும் ரிங்கில் அவர் நாயை நடத்தி வரும்போது கயிறு தொய்ந்தே கிடக்கும், நாய் தன் இஷ்டத்துக்கு நடப்பது போலத்தான் தெரியும். தோற்றுவிட்டால் முதல் வேலையாகப் போய் ஜெயித்த நாயைத் தடவிக்கொடுப்பார். நடுவரைத் திட்டிக்கொண்டே வண்டியேறுகிறவர்கள் நிறைந்த இடத்தில் இதெல்லாம் அபூர்வம்.

அவருடைய சாம்பியன் ஆண் நாய் ஒன்றுக்கு மூன்று வயதில் வலிப்பு வந்தது. நாய்களுக்குக் காரணம் பிடிபடாமல் வரும் வலிப்பு நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும். அதற்குள் நல்ல ஆண் நாய் என்றால் பல குட்டிகளுக்குத் தகப்பனாகியிருக்கும். சில இனங்களில் இது பரம்பரையாக வரும் என்பதால், வளர்ப்பவர்கள் பலர் வெளியே மூச்சு விடமாட்டார்கள். அக்கா அன்றைக்கே அந்த நாயை இனவிருத்தியிலிருந்து நிறுத்தினார். அதோடு விடவில்லை. தங்கள் பெண் நாய்களை அதனோடு இணைசேர்த்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சிலர் கோபப்பட்டார்கள், சிலர் அப்புறம் பேசவே இல்லை. அவர் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அந்தத் தாளை அவர் எழுத ஆரம்பித்ததும் இந்த நாயால்தான். வலிப்புக்கு பீனோபார்பிட்டால் சாப்பிடும் நாய்க்கு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அப்படி நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான வலிப்பு வரலாம், ஓயாமல் தொடர்ந்து உயிரையே எடுக்கலாம். உரிமையாளர் இறந்த வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே அலமாரியில் இருக்கும் மாத்திரை யாருக்கு நினைவு வரும்? அதனால் தாளின் முதல் வரியே அந்த நாயின் பெயர், மாத்திரையின் அளவு, காலை மாலை எத்தனை மணிக்கு என்பதுதான். ஸ்டீராய்டு, இன்சுலின் எடுக்கும் நாய்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

அடுத்த வரி முடியைப் பற்றியது. கண்காட்சிக்கு வளர்த்த பூடில் முடியை நாள் தவறாமல் சீவ வேண்டும். சில வாரம் விட்டாலே சிக்கு கெட்டித்துத் தோலை இழுக்கும், அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். உச்சிமுடியில் போட்ட ரப்பர் பேண்டை மறந்தால் முடியே அறுந்துவிடும். "எல்லாருக்கும் ஒட்ட வெட்டிவிடுங்கள், அழகு பார்க்க நான் இல்லையே" என்று எழுதியிருந்தார். வருடக்கணக்கில் வளர்த்த முடி! வெட்டும்போது எனக்குத்தான் கை வரவில்லை.

எந்த நாய் யாரிடம் போக வேண்டும் என்ற பட்டியலில் வயதானவைதான் முதலில். அவருக்கு நிலைமை தெரியும். நாய்களை இனவிருத்தி செய்யும் ஒரு பிரீடர் இறந்த செய்தி பரவியதும் வரும் போன்கள் இளம் சாம்பியனையும் குட்டி போடும் பெண் நாயையும்தான் விசாரிக்கும். ரிங்கை விட்டு ஓய்ந்த பத்து வயது நாயை யாரும் கேட்பதில்லை. வலிப்பு நாயின் உறைவிந்து சேமிப்பகத்தில் இருந்தது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், அது பல வருடம் கெடாமல் இருக்கும். அதை அழித்துவிடச் சொல்லிக் கையெழுத்திட்ட கடிதமும் தாளோடு இணைத்திருந்தார். சாம்பியனின் விந்து என்று யாராவது வாங்கிப் பயன்படுத்தியிருந்தால் அவர் அத்தனை பேரைப் பகைத்துக்கொண்டது வீணாகியிருக்கும்.

பணம் ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். அமெரிக்கக் கோடீஸ்வரி லியோனா ஹெம்ஸ்லி 2007இல் இறந்தபோது ட்ரபிள் என்ற மால்டீஸ் நாய்க்காக 1.2 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார். மறு வருடம் நீதிமன்றம் அதை 20 லட்சமாகக் குறைத்தது. பார்த்துக்கொள்ளும்படி உயிலில் பெயர் எழுதப்பட்ட உறவினர்களோ முடியாது என்றுவிட்டார்கள். கடைசியில் அவருடைய ஹோட்டல் ஒன்றின் மேலாளர்தான் நாயை வளர்த்தார். ஆக, பெயரை எழுதும் முன் அந்த ஆளை நேரில் கேளுங்கள். அவர் மறுத்தால் யார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும்.

சட்டம் பல நாடுகளில் நாயை ஒரு சொத்தாகத்தான் பார்க்கிறது. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் வாரிசுக்குப் போகும், அந்த வாரிசுக்கு நாய் என்றாலே அலர்ஜியாக இருக்கலாம். உயில் பத்திரத்தை வக்கீலிடம் காட்டி எழுதுங்கள், ஆனால் அது முடியும்வரை காத்திருக்காதீர்கள். நான் சொல்லும் தாளை இன்று இரவே எழுதிவிடலாம். அப்புறம், அடையாளத்துக்காக நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான், போன் நம்பர் பதிவேட்டில் இருக்கிறது. அங்கே உங்கள் நம்பர் மட்டும் இருந்தால், நீங்கள் இல்லாதபோது அது அடித்துக்கொண்டே இருக்கும். இன்னொருவர் எண்ணையும் சேருங்கள்.

தாளின் ஒரு பிரதி உங்கள் கால்நடை மருத்துவரிடம் இருக்கட்டும். பூடில் மாதிரி ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். உரிமையாளர் இல்லாத நாயை மேசையில் வைத்துக்கொண்டு, யாரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது என்று தேடி அலைய எங்களுக்கு நேரம் இருக்காது. அக்காவின் தாளில் அதற்கும் இரண்டு பெயர்கள் இருந்தன, பக்கத்தில் அவர்கள் போட்ட கையெழுத்தோடு.