சின்ன அறை, வெள்ளைச் சுவர், கொஞ்சம் கணக்கு

அறை மங்கலாக இருக்கிறது என்றால் நம் கை முதலில் போவது பல்புக்குத்தான். 9 வாட் எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு 15 வாட் போடுகிறோம். விளக்குக்கு நேர் கீழே பளிச்சென்று ஆகிறது. ஆனால் பீரோ ஓரமும் கட்டிலுக்கு அடியும் மூலைகளும் முன்புபோலவே இருட்டாகத் தெரிகின்றன. பல்பின் திறனைக் கூட்டினால் அறையின் எல்லா இடத்திலும் வெளிச்சம் ஒரே விகிதத்தில்தான் கூடும். நடு அறைக்கும் மூலைக்கும் இருந்த விகிதம் அப்படியே நிற்கும். அந்த விகிதத்தை மாற்றுவது சுவர். குறைந்த செலவில் வீட்டை அழகாக்க நினைப்பவர்கள் முதல் காசைச் சுவருக்கும் சீலிங்குக்கும் போடுவதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குக் காரணம் எளிய கணக்கில் இருக்கிறது.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர், சீலிங், தரை என ஆறு பரப்புகளும் சம அளவு. சுவரில் அடர்பச்சை அடித்திருக்கிறது. அது தன்மேல் விழும் ஒளியில் சுமார் 30 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது என்று வைப்போம். சீலிங் 70 சதவீதம், சிவப்பு ரெட் ஆக்சைடு தரை 20 சதவீதம். ஆறுக்கும் சராசரி 35.

விளக்கிலிருந்து 100 பங்கு ஒளி கிளம்பி இந்தப் பரப்புகளில் விழுகிறது. அதில் 35 பங்கு எதிரொளித்து மறுபடி எங்காவது விழும். அதிலிருந்து 12, அதிலிருந்து 4. இப்படித் தேய்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் கூட்டினால் பரப்புகளில் விழுந்த மொத்த ஒளி ஏறத்தாழ 154 பங்கு. இப்போது அதே சுவர்களை 80 சதவீதம் திருப்பித் தரும் வெள்ளையாக்குங்கள். சராசரி 68-க்கு ஏறுகிறது. 100, 68, 47, 32 என்று தொடரும் கூட்டல் 316-இல் போய் நிற்கிறது. பல்பு மாறவில்லை, மின்கட்டணம் மாறவில்லை. அறைக்குள் உலவும் ஒளி மட்டும் இரண்டு மடங்கு. சன்னல், கதவு, துணிமணி எல்லாம் ஒளியை விழுங்குவதால் நிஜ வீட்டில் லாபம் இதைவிடக் குறையும். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் ஒளி முழுவதும் சுவரில் பட்டுத் திரும்பி, நாலா பக்கமிருந்தும் வருவது. அதனால் நிழல்கள் மெலிகின்றன, மூலைகள் தெளிகின்றன.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். நான்கில் ஒரு சுவரை மட்டும் அழகுக்காக அடர்நிறத்தில் விட்டால் 316 என்பது 250 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஒளி போய்விடும். பெரிய ஹாலில் தாங்கும். ஒற்றைச் சன்னல் உள்ள அறையில் யோசிக்க வேண்டிய விலை. புகையும் தூசியும் படிந்து சுவரின் 80 சதவீதம் 70 ஆகிவிட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவு நஷ்டம்தான். பொங்கலுக்கு முன் ஒட்டடை அடித்து, சுவரைத் துடைத்து, வெள்ளையடிக்கும் வழக்கம் வீட்டின் வெளிச்சத்தை ஆண்டுதோறும் மீட்டுத் தந்தது.

சரி, வெள்ளைச் சுவர் ஏன் வெள்ளையாக இருக்கிறது? கல் உப்பை உற்றுப் பார்த்தால் கண்ணாடிபோல் இருக்கும். இடித்துத் தூளாக்கினால் வெளுத்துவிடும். பொருள் அதேதான். ஒளி ஒவ்வொரு துகளுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் வளைந்து சிதறுகிறது. துகளும் அதைச் சுற்றியுள்ள பொருளும் ஒளியை வளைக்கும் திறனில் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவ்வளவு சிதறல். இந்தத் திறனை ஒளிவிலகல் எண் என்பார்கள். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, காய்ந்த சுண்ணாம்புக்குச் சுமார் 1.6.

சுண்ணாம்பு அடித்த உடனே சுவர் வெளுக்காமல், ஈரத்தில் பழைய கறை தெரிகிறதே என்று பலர் பதறுவார்கள். 'காயட்டும், வெளுத்துடும்' என்பார் அடிப்பவர். அவர் சொல்வது சரி. ஈரச் சுவரில் துகள்களுக்கு இடையே தண்ணீர் நிற்கிறது, 1.6-க்கும் 1.33-க்கும் வித்தியாசம் குறைவு, அதனால் ஒளி ஊடுருவிப் பின்னால் இருக்கும் கறை வரை போய் வருகிறது. தண்ணீர் போய்க் காற்று புகுந்ததும் சிதறல் கூடி வெண்மை வருகிறது. கூடவே காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சுவரோடு இறுகுகிறது. எமல்ஷன் பெயிண்டில் இந்த வேலையைச் செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் எண் 2.7 வரை இருக்கும். அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினுக்கு 1.5 அளவு. காற்றின் உதவி இல்லாமலேயே நன்றாகச் சிதறடிக்கும் என்பதால் மெல்லிய பூச்சே போதும். விலை கூடுவதற்கு முக்கியமான காரணமும் அந்தத் தூள்தான்.

கையில் காசு குறைவு, சுவரும் வெறும் பூச்சுச் சுவர் என்றால் சுண்ணாம்பு இன்றைக்கும் அருமையான தேர்வு. வெண்மையில் குறை சொல்ல முடியாது. அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது. சாய்ந்தால் துணியில் ஒட்டும் என்பது உண்மை. அதற்காகத்தான் பசை கலப்பார்கள். ஏற்கெனவே எமல்ஷனோ எனாமலோ அடித்த சுவரில் மட்டும் வேண்டாம், பிடிக்காமல் உரிந்துவிடும். அப்புறம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் சீலிங்குக்கு அடிக்கவே கூடாது.

சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலப்பதிலும் அறிவியல் இருக்கிறது. சுண்ணாம்பில் லேசான மஞ்சள் சாயல் உண்டு. நீலம் அந்த மஞ்சள் பகுதி ஒளியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. சுவர் திருப்பித் தரும் மொத்த ஒளி உண்மையில் சற்றுக் குறைகிறது, ஆனால் கண்ணுக்கு இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. அதனால் அளவாகக் கலக்க வேண்டும்.

இனி சாமான்களை எங்கே வைப்பது? சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் எதிர்ச் சுவரிலும் பக்கச் சுவர்களிலும் தரையிலும் நேராக விழும். சன்னல் இருக்கும் அதே சுவரில் மட்டும் நேராக விழாது. அடர்நிற பீரோவையும் புத்தக அலமாரியையும் அந்தச் சுவரின் மூலைக்குத் தள்ளினால் நஷ்டம் மிகக் குறைவு. பெரும்பாலான வீடுகளில் பீரோ நிற்பது சன்னலுக்கு எதிரே, முதல் வெளிச்சம் விழும் இடத்தில். நகர்த்துவதற்குச் செலவில்லை, இரண்டு பேர் கை கொடுத்தால் போதும். சன்னலைச் சுற்றியுள்ள ஓரங்களை மட்டும் வெள்ளையாகவே வையுங்கள். அங்கே இருட்டாக இருந்தால் சன்னல் கண்ணைக் கூசும்.

கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகும் என்கிறார்கள். வெளிச்சத்தைப் பொறுத்தவரை நல்ல வெள்ளைச் சுவரைவிட அது பெரிதாக ஒன்றும் கூட்டாது. அது தருவது ஆழம். 10 அடி தள்ளியிருக்கும் சன்னல், கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு 10 அடியில் இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே கண்ணாடியில் எது தெரியும் என்று பார்த்து மாட்ட வேண்டும். கொடித் துணி தெரிகிற இடத்தில் மாட்டினால் கொடி இரண்டாகும்.

நிறம் வேண்டும் என்பவர்கள் கடையில் காட்டும் ஷேட் கார்டை அப்படியே நம்பக் கூடாது. ஒரு நிறம் சிவப்பு ஒளியில் 80 சதவீதத்தையும் நீல ஒளியில் 50 சதவீதத்தையும் திருப்பித் தருகிறது என்று வைப்போம். ஒருமுறை பட்டால் வித்தியாசம் மிதம்தான். சுவருக்குச் சுவர் மூன்று முறை பட்டுத் திரும்பிய பிறகு சிவப்பில் 51 சதவீதம் மிஞ்சும், நீலத்தில் வெறும் 12. நான்கு சுவரும் ஒன்றுக்கொன்று சாயம் ஏற்றுவதால் கார்டில் இளம் பீச்சாக இருந்தது அறையில் ஆரஞ்சாக நிற்கிறது. பிடித்த ஷேடைவிட ஒருபடி வெளிறியதை வாங்குங்கள். முழு டப்பா வாங்குமுன் சின்ன டப்பாவில் கொஞ்சம் வாங்கி, இரண்டு பெரிய சார்ட் அட்டைகளில் அடித்து, மூலையில் அடுத்தடுத்த சுவர்களில் ஒட்டி, பகலில் ஒருமுறை, இரவில் உங்கள் வீட்டு விளக்கைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.