உடற்பருமனா, ஊளைச்சதையா?

கோத்தகிரியில் ஒரு சமுதாயக் கூடத்தின் வாசலில் போன மாதம் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். "ஊளைச்சதையை ஒழிப்போம்! இலவச மருத்துவ முகாம்." மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் படிக்கலாம். எதிர்வீட்டு அக்காவை நான்தான் அங்கே கூட்டிப் போனேன். தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறவர். வீசிங்குக்காகப் பல வருஷமாக மாத்திரை போட்டுப் போட்டு முகமும் வயிறும் பருத்துவிட்டன. ஃபிளெக்ஸை எழுத்துக் கூட்டிப் படித்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கக்கா."

"இந்தப் பேரு எழுதின எடத்துக்குள்ள நான் எப்படித் தம்பி போவேன்? ரோட்டுல எல்லாரும் பாக்குறாங்கல்ல?"

திரும்பிப் போய்விட்டார். நான் சுகாதாரத் துண்டறிக்கைகளை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். இந்த 'ஊளைச்சதை' நாளிதழ் இணைப்புகளில், லேகிய விளம்பரங்களில், வீடியோ தலைப்புகளில் என்று எத்தனையோ முறை கண்ணில் பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முகம் சுளித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். அன்றைக்குக் கடக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் ஒபிசிட்டி (obesity) என்கிறார்களே, அதற்குத் தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது? முதலில் மூலச் சொல். ஒபிசிட்டி என்பது இலத்தீன் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'ஒபேசுஸ்' என்றால் தின்று கொழுத்தவன். உள்ளே இருக்கும் வினை 'எதேரே', உண்ணுதல். பழைய இலத்தீனில் அதே சொல்லை ஒரு கவிஞர் நேர் எதிராக, அரித்துத் தின்னப்பட்டு மெலிந்தது என்ற பொருளிலும் ஆண்டிருக்கிறார். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சொல்லின் கருவிலேயே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. நீ தின்றாய், அதனால் இப்படி ஆனாய் என்கிறது அது.

தமிழில் 'உடல் பருமன்' அப்படிச் சொல்வதில்லை. 'பரு' என்ற வினைக்குப் பெருத்தல், தடித்தல் என்று பொருள். தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கைப் பார்த்து "மரம் நல்லாப் பருத்துடுச்சு" என்கிறோம். முகத்தில் எழும்புவது பரு. நுண்பொருளுக்கு எதிர் பருப்பொருள். பழம்பாட்டில் பருவரை என்றால் பெரிய மலை. இங்கே படகர்கள் தொட்டபெட்டா என்கிறார்களே, தொட்ட என்றால் பெரிய, பெட்ட என்றால் மலை, அதற்குச் சரியான தமிழ் பருவரைதான். வள்ளுவரும் 599ஆம் குறளில் யானையை இந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்: "பரியது கூர்ங்கோட்டது ஆயினும் யானை வெரூஉம் புலிதாக் குறின்." பரியது என்றால் உடல் பருத்தது. அதில் ஏளனம் இல்லை, எதனால் பருத்தது என்ற விசாரணையும் இல்லை. கண்ணில் தெரிவதை அப்படியே சொல்லும் சொல். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு நேர்மையாக அமைந்த அபூர்வமான இடம் இது.

இப்போது ஊளைச்சதைக்கு வருகிறேன். 'ஊளை' என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? நரி ஊளையிடுவது, அப்புறம் சளி ஒழுகும் ஊளை மூக்கு. இரண்டில் எதுவும் ஒரு மனிதரின் உடம்போடு சேர்த்துச் சொல்லத் தக்கதல்ல. சிலர் இதையே 'ஊழைச்சதை' என்று பிழையாக எழுதுகிறார்கள். அது போய் ஊழல் பக்கத்தில் நிற்கிறது. ஊழல் என்ற சொல்லுக்குப் பழைய பொருளே அழுகல். ஊளைச்சதை பேச்சு வழக்கில் பிறந்த மண்ணின் சொல், உடல் பருமன் ஏட்டுச் சொல் என்று ஒரு நண்பர் வாதாடினார். வழக்கில் உள்ளது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உறுதியில்லாமல் தொங்கும் தசையைப் பாட்டிகள் ஊளைச்சதை என்பார்கள். ஆனால் அவர்கள் கைச்சதையைக் கிள்ளிப் பார்த்துச் சொன்ன சொல் அது. சதையின் தன்மையைச் சொல்வது, நோயின் பெயர் அல்ல. முழங்கை அடியில் கொஞ்சம் தொங்கினாலும் அது ஊளைச்சதைதான், அந்த ஆள் ஒல்லியாகவே இருக்கலாம். ஆக, இழிவு ஒரு பக்கம் இருக்க, பொருளும் பொருந்தவில்லை.

வழக்கில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு சொல்லை வாசலில் கட்டலாம் என்றால், குட்டம் என்பதை விட்டுத் தொழுநோய்க்கு ஏன் வந்தோம்? ஊனமுற்றோர் என்பதை அரசே கைவிட்டு மாற்றுத்திறனாளிகள் என்று ஏன் எழுதுகிறது? நோயுள்ளவர் தன் வாயால் வெட்கப்படாமல் சொல்லக்கூடிய பெயராக நோயின் பெயர் இருக்க வேண்டும். "எனக்குச் சர்க்கரை இருக்கு" என்று யாரும் சொல்வார்கள். "எனக்கு ஊளைச்சதை இருக்கு டாக்டர்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்து எவரும் சொன்னதில்லை.

இழிவுபடுத்தும் பழக்கம் புதிதுமல்ல. பழைய ஆயுர்வேத நூலான சரக சங்கிதையில் நிந்திக்கப்படும் உடலினர் எட்டுப் பேரைப் பற்றி ஓர் அத்தியாயமே உண்டு. மிகப் பருத்தவர் அதில் ஒருவர், மிக மெலிந்தவரும் ஒருவர். அங்கிருந்து வந்த 'அதிதூலம்' என்ற சொல்லைப் பழைய மருத்துவ நூல்களில் காணலாம். இன்றைக்கு யாருக்கும் புரியாது, விட்டுவிடலாம்.

'கொழுப்பு நோய்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். "உனக்குக் கொழுப்புடா" என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று அவர்கள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. திமிர் என்று அர்த்தம். அது போக, இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் கொலஸ்ட்ராலையும் நாம் கொழுப்பு என்றே சொல்கிறோம். ஒல்லியானவருக்கும் அது ஏறும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் கேட்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

'அதிக எடை', 'மிகை எடை' என்பவை நல்ல சொற்களே. ஆனால் அவை ஓவர்வெயிட் என்பதற்கு உரியவை. எடை வேறு, பருமன் வேறு. எடையில் எலும்பும் தசையும் நீரும் சேர்ந்தே இருக்கின்றன. மூட்டை தூக்குகிறவருக்குத் தசையால் எடை கூடியிருக்கும். கால் வீங்கியவருக்கு நீரால் கூடியிருக்கும். உடற்பருமன் என்பது உடல்நலத்துக்குக் கேடு வரும் அளவுக்குக் கொழுப்பு சேர்ந்துவிட்ட நிலை. உலக சுகாதார நிறுவனம் இதை உடல் நிறைச் சுட்டெண் கொண்டு பிரிக்கிறது. கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அந்த எண். 25 முதல் மிகை எடை, 30 முதல் உடற்பருமன். நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு தங்கி, சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால், 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி நமக்கு 23, 25 என்று வரம்பைக் குறைத்தார்கள். இடுப்புச் சுற்றளவின் வரம்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அக்காவின் உயரம் 150 செ.மீ., எடை 60 கிலோ. கணக்குப் போட்டால் 26.7. உலக வரம்பில் அவருக்கு மிகை எடை, நம் வரம்பில் உடற்பருமன். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது?

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காடு, ஆண்களில் 37 விழுக்காடு என்று ஓர் எண் வருகிறது. நாடு முழுவதற்கும் அது 24, 22.9தான். சுட்டெண் 25ஐத் தொட்டவர், தாண்டியவர் எல்லோரும், அதாவது மிகை எடையும் உடற்பருமனும் சேர்ந்த எண் அது. ஒரே சொல்லைக் கையாளும் மொழிபெயர்ப்பாளர் அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறார்.

உடல் பருமனிலும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. பருமன் என்பது வெறும் அளவையும் குறிக்கும். "சுண்டுவிரல் பருமன்" என்கிறோம். பள்ளி இயற்பியலில் கன அளவுக்கும் பருமன் என்ற பெயர் உண்டு. உடல் பருமன் எல்லோருக்கும் இருக்கத்தானே செய்கிறது, ஆகவே 'மிகுபருமன்' என்றால்தான் சரி என்கிறார் தனித்தமிழ் ஆர்வலர் ஒருவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தமிழின் போக்கு அப்படி இல்லை. "அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கு" என்கிறோம். இரத்த அழுத்தம் இல்லாத ஆள் உயிரோடு இருக்க முடியுமா? சர்க்கரை இல்லாத இரத்தம் உண்டா? "உடம்பு சூடா இருக்கு" என்றால் காய்ச்சல். மிகுதியைச் சொல்லாமலே உணர்த்துவது நம் பேச்சின் இயல்பு. உடற்பருமன் அந்த வரிசையில் அழகாகப் பொருந்துகிறது. மிகுபருமன் தேவையில்லை.

சொல் விஷயத்தில் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்றால், காரணங்களைப் பற்றி நாம் எப்படி நினைக்கிறோம் என்பதைச் சொல்தான் தீர்மானிக்கிறது. அந்த ஃபிளெக்ஸில் ஒரு பக்கம் பர்கர் படம் போட்டிருந்தார்கள். அக்கா பர்கரைத் தொட்டதில்லை. விடிவதற்கு முன் எழுந்து, சரிவில் ஏறி இறங்கி நாளெல்லாம் பச்சைத் தேயிலை பறிக்கிறார். நடுவில் வயிற்றை அடக்குவது சர்க்கரை போட்ட டீயும் வர்க்கியும். வர்க்கி என்றால் மைதா, வனஸ்பதி, சர்க்கரை. இரவில் ரேஷன் அரிசிச் சோறு, கொஞ்சம் குழம்பு. பருப்புக்கும் காய்க்கும் கூலி போதாது. அதற்கு மேல் அந்த வீசிங் மாத்திரை. அது ஸ்டீராய்டு, பசியைக் கூட்டும், முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும். தைராய்டு குறைந்தாலும், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தாலும், மனநோய்க்கான சில மருந்துகளாலும், தூக்கம் கெட்டாலும் எடை ஏறும். பரம்பரைக்கும் பங்கு உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு 'வாழ்க்கை முறை நோய்' என்று எழுதுகிறார்களே, அக்கா இந்த வாழ்க்கை முறையைக் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தாரா?

இந்த மலைக்கு இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒற்றை அறையில், மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பியிருந்தவர்களுக்குத் தயமின் சத்துக் குறைவால் வந்த நோய் அது. அந்த ஆய்வுக்கூடம் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போயிற்று, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி குன்னூரில் பிறந்தது சத்துக் குறைவைத் தேடித்தான். இன்று அதே மலையில் சத்துக் குறைவும் பருமனும் ஒரே வீட்டில், பல சமயம் ஒரே உடம்பில் இருக்கின்றன. இரத்தசோகையும் பருமனும் சேர்ந்தே இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! ஹட்டிகள் என்கிற படகர் ஊர்களில் முன்பு ராகியும் சாமையும் விளைந்த நிலத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. தேயிலையை விற்று அரிசி வாங்குகிறார்கள். நடந்து ஏறிய மேடுகளுக்கு மினி பஸ்ஸும் ஜீப்பும் வந்துவிட்டன. வந்தது நல்லதுதான், பிள்ளைத்தாய்ச்சியை இனி தூளி கட்டித் தூக்க வேண்டாம். ஆனால் உடம்பின் கணக்கு மாறிவிட்டது. அதற்குத் தனி ஆளைத் திட்டி என்ன பயன்?

இன்னொரு மொழிபெயர்ப்பும் பாடாய்ப் படுத்துகிறது: 'உடல் பருமன் தொற்றுநோய்'. எபிடெமிக் என்ற சொல்லைப் பார்த்ததும் தொற்றுநோய் என்று தட்டிவிடுகிறார்கள். பருமன் தொற்றாது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. எங்கும் பெருகிவருகிறது என்பதுதான் மூலத்தின் பொருள், 'பெருகிவரும் உடற்பருமன்' என்றாலே போதும். அதேபோல 'உடல் பருமன் கொண்ட குழந்தைகள்' என்று எழுத வேண்டாம், பருமனான குழந்தைகள் என்றால் போதாதா? எழுத்து விஷயத்திலும் ஒரு வார்த்தை: பிரித்து எழுதினால் உடல் பருமன், சேர்த்து எழுதினால் உடற்பருமன். 'உடல்பருமன்' என்று ஒட்டவைப்பது இரண்டும் இல்லை.

பதினைந்து நாள் கழித்து வேறொரு குழுவினர் அதே கூடத்தில் முகாம் நடத்தினார்கள். வாசகம் எழுதித் தரச் சொன்னார்கள். "எடை, இடுப்பளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கப்படும்" என்று மட்டும் எழுதினேன். ஃபிளெக்ஸ் கடைப் பையன் நோய் பெயர் எங்கே அண்ணா என்று கேட்டான். உள்ளே கொடுக்கும் துண்டறிக்கையில் இருக்கிறது என்றேன்.

அக்கா வந்தார். ஃபிளெக்ஸை ஒருமுறை படித்துவிட்டு வரிசையில் நின்றார். இடுப்பளவு 94. மருத்துவர் அந்த மாத்திரைப் பட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இன்ஹேலருக்கு மாறலாம் என்று அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அக்கா துண்டறிக்கையை என்னிடம் நீட்டினார்.

"உடற்பருமன்னு போட்டிருக்கே, அது என்ன தம்பி?"

"உடம்பு பருத்திருக்குன்னு அர்த்தம்க்கா."

"ஆமா, பருத்துத்தான் இருக்கு" என்றார். சீட்டையும் துண்டறிக்கையையும் ஒன்றாக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.