மிக்குவின் பாட்டும் 62.5 மில்லிநொடியும்

2009 ஜூலை 2 அன்று ஜப்பானில் சேகா நிறுவனம் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு ஒரு விளையாட்டை வெளியிட்டது. பெயர் ‘ஹட்சுனே மிக்கு: புராஜெக்ட் திவா’. நீலப்பச்சை நிறத்தில் நீளமாகத் தொங்கும் இரட்டைக் கூந்தலோடு ஒரு பெண் திரையில் பாடி ஆடுவாள். அவள் பாட்டின் தாளத்துக்கு நாம் பட்டன்களை அழுத்த வேண்டும். தாள விளையாட்டு ஜப்பானுக்குப் புதிதல்ல. 1996-இல் ‘பராப்பா த ராப்பர்’, 1997-இல் கொனாமியின் ‘பீட்மேனியா’ எல்லாம் வந்தாயிற்று. இங்கே புதிது பாடகிதான். மிக்கு, வரியும் மெட்டும் கொடுத்தால் பாடும் ஒரு மென்பொருள்.

சப்போரோ நகரத்தில் இருக்கும் கிரிப்டான் பியூச்சர் மீடியா 2007 ஆகஸ்ட் 31 அன்று அவளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடியில் ஓடுவது யமஹாவின் வோக்கலாய்ட் 2 என்ற பாட்டுக்குரல் தொழில்நுட்பம். குரல் கொடுத்தவர் சாகி ஃபுஜிதா என்ற பின்னணிக் குரல் நடிகை. அவர் பாட்டு எதையும் பாடிக் கொடுக்கவில்லை. பொருளே இல்லாத அசைக் கோவைகளை ஸ்டூடியோவில் சொன்னார். ஒரு ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு வாய் நகரும் அந்தச் சின்ன இடைவெளிகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சேமித்தார்கள். ‘க்’கையும் ‘அ’வையும் தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் பேச்சு இடறும், ‘க்’ ‘அ’வாக மாறும் நொடியைப் பதிந்தால்தான் குரல் ஒழுகும்.

சரி, சுருதியை எப்படி மாற்றுவது? பதிவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், ஆனால் குரல் அணில் குரலாகிவிடும். அதனால் மென்பொருள் ஒலியை அலைவரிசைகளாகப் பிரித்துக்கொண்டு, சுருதியை மட்டும் நகர்த்துகிறது. வாயின் வடிவம் தரும் சாயலைக் கூடியவரை அப்படியே விட்டுவிடுகிறது.

இசையமைப்பவர் கண்முன் இருப்பது ஒரு கட்டத்தாள். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி, ஒவ்வொரு அசையும் ஒரு பட்டை. அந்தத் தாளை நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து பட்டைகள் இறங்கிவரும் தாள விளையாட்டின் திரை கிட்டத்தட்ட அதுதான்! மெய்நிகர் பாடகியும் தாள விளையாட்டும் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மனிதர்கள் சேர்ந்து வாசித்த பாட்டில் வேகம் லேசாக ஏறி இறங்கும்; நோட்டுகளை, அதாவது நாம் தட்ட வேண்டிய அந்தப் பட்டைகளை, ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுப் பொருத்த வேண்டும். மிக்குவின் பாட்டு பிறக்கும்போதே கணினிக் கட்டத்துக்குள் பிறக்கிறது. எந்த அசை எந்த மில்லிநொடியில் தொடங்கும் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஒலிக்கு விரல் தட்ட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை மட்டும் இன்னும் மனிதர்களே தீர்மானிக்கிறார்கள். நல்ல விளையாட்டுக்கும் சலிப்பான விளையாட்டுக்கும் வித்தியாசம் அங்கேதான்.

மூச்சு வாங்கத் தேவையில்லாத பாடகி என்பதால் ரசிகர்கள் அவளுக்கு அசுர வேகப் பாட்டுகளை எழுதினார்கள். நிமிடத்துக்கு 240 தாளத் துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்பு 250 மில்லிநொடி. அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 62.5. ஒவ்வொரு நோட்டுக்கும் முன்னால் 30, பின்னால் 30 மில்லிநொடிக்குள் தட்டினால் சரி என்று சலுகை கொடுத்தால் 60 ஆகிவிடுகிறது. அடுத்தடுத்த நோட்டுகளுக்கு நடுவே மிஞ்சுவது இரண்டரை மில்லிநொடிதான்.

இந்த நுணுக்கத்தில் எந்தக் கடிகாரத்தை நம்புவது? திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது 16.7 மில்லிநொடிக்கு ஒரு படம். போன் திணறினால் ஒரு படம் விட்டுப்போகும். படங்களை எண்ணி நோட்டை நகர்த்தினால் பாட்டு முன்னே போய்விடும், நோட்டு பின்தங்கும். அதனால் விளையாட்டு ஒவ்வொரு முறையும் பாட்டு எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, நோட்டின் நேரத்திலிருந்து அதைக் கழித்து, வேகத்தால் பெருக்கி இடத்தைக் கணக்கிடுகிறது. மிக்குவின் ஆட்டமும் வாயசைவும் அதே கடிகாரத்தில் கட்டப்பட்டவை. ஜப்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்துதான், நம் அ, இ, உ, எ, ஒ மாதிரி. ஐந்து வாய் வடிவங்களை வைத்தே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

நோட்டின் இடத்தை வேகத்தால் பெருக்குவதால் ஒரு வினோதம் நடக்கிறது. நோட்டு இறங்கும் வேகத்தைக் கூட்டினால் பாட்டு வேகமாவதில்லை. நோட்டுகளுக்கு இடையே இடைவெளிதான் கூடுகிறது. தேர்ந்தவர்கள் வேகத்தைக் கூட்டி வைப்பது அதற்காகத்தான். நெரிசல் குறைந்து, கண் எளிதாகப் படிக்கிறது.

இனி விரல் பக்கம். ஒரு சத்தத்தைக் கேட்டபின் விரலை அசைக்கச் சுமார் 150 மில்லிநொடி ஆகும். கேட்டுவிட்டுத் தட்டினால் 62.5 மில்லிநொடி நோட்டைப் பிடிக்கவே முடியாது. நம் உடல் கேட்டுத் தட்டுவதில்லை, கணித்துத் தட்டுகிறது. கச்சேரியில் தொடையில் தாளம் போடுகிறவரின் கை, அடி விழுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறதே, அதே வேலை. ஆய்வகத்தில், சீராக ‘டிக் டிக்’ என்று அடிக்கும் மெட்ரோனோம் கருவிக்கு ஒத்துத் தட்டச் சொன்னால் பெரும்பாலோர் சில பத்து மில்லிநொடிகள் முந்தித் தட்டுகிறார்கள். அவர்களுக்கோ சரியாகத் தட்டியதாகவே தோன்றும். இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் இந்த முந்தல் குறைவு.

2013-இல் ‘லவ் லைவ்! ஸ்கூல் ஐடல் ஃபெஸ்டிவல்’ வந்தபின் இந்த விளையாட்டுகள் போனில் வேர்விட்டன. 2020-இல் கலர்ஃபுல் பேலட் உருவாக்கி சேகா வெளியிட்ட ‘புராஜெக்ட் சேகாய்’ மிக்குவின் பாட்டுகளைப் போனில் பரவலாக்கியது. அங்கே ஒரு புதுச் சிக்கல், தாமதம். புளூடூத் இயர்போனில் ஒலி நம் காதுக்கு வர 100 முதல் 200 மில்லிநொடிவரை பிந்தலாம். பாட்டு முன்பே தெரிந்தது என்பதால் நோட்டுகளை அதே அளவு தள்ளிவைத்து ஈடுகட்டலாம். தட்டியதும் வரும் ‘டக்’ ஒலியை ஈடுகட்ட முடியாது. நாம் எப்போது தட்டப்போகிறோம் என்று போனுக்கு எப்படித் தெரியும்? அது பிந்தித்தான் வரும். அப்புறம் காது குழம்பும், விரல் தடுமாறும். புளூடூத்தோடு விளையாடி நொந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்; கம்பி இயர்போனுக்கு மாறுவதே வழி.

ஈடுகட்டும் எண்ணைக் கண்டுபிடிக்க அமைப்புகளில் ஒரு சோதனை வைப்பதுண்டு. சீரான ஒலி வரும், அதற்கேற்பச் சில முறை தட்ட வேண்டும். வித்தியாசங்களின் சராசரியை விளையாட்டு சேமித்துக்கொள்கிறது. அந்த எண்ணில் போனின் தாமதம் மட்டுமல்ல, தட்டியவரின் முந்தலும் கலந்திருக்கிறது. அதே போனைத் தங்கை வாங்கி விளையாடினால், அவள் விரலுக்கு அந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.