தோப்பில் செயின் சா மழுங்கினால் பையில் என்ன இருக்க வேண்டும்?

செயின் மழுங்கிவிட்டதா என்று பல்லைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. கீழே விழும் தூளே சொல்லிவிடும். கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாகச் செதுக்கித் தள்ளும். மாவு மாதிரி பறந்தாலோ, பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை, அழுத்தினால்தான் இறங்குகிறது என்றாலோ, ஆயில் சரியாக ஓடியும் புகை வந்தாலோ நிறுத்திவிடுங்கள். நான் பழுது பார்க்கும் மிஷின்களில் பலவும் இந்த இடத்தில் நிறுத்தாமல் அழுத்தி அறுத்தவர்களுடையதுதான். மிஷின் போனால் பணத்தோடு போகும். உடம்பின் எடையைக் கொடுத்து அறுக்கும்போது மரம் சட்டென்று விட்டால் பார் நேராக முழங்காலுக்கு வரும்.

தென்னை, பனை இரண்டிலும் வெளிப்பக்கம்தான் வைரம் பாய்ந்தது. புயலில் சாய்ந்து கிடக்கும் மரமென்றால் மணலும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகளை அறுத்து அகற்ற வேண்டியிருந்தது. இப்படிக் கிடக்கும் மரங்களில், அறுக்கப்போகும் இடத்து மண்ணை முதலில் அரிவாளால் சுரண்டிவிடுங்கள். ஓடும் செயின் தரையை ஒரு நொடி தொட்டாலும் கூர் போய்விடும்.

சரி, பைக்கு வருவோம். முதலில் உருட்டு அரம். ஏதோ ஒரு அளவு போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அளவு செயினின் பிட்சை, அதாவது கண்ணிகளின் இடைவெளி அளவைப் பொறுத்தது. 0.325 அங்குல பிட்சுக்கு 4.8 மி.மீ. அரம், நம் ஊரில் அதிகம் ஓடும் 58 சிசி மிஷின்களில் பெரும்பாலும் இந்தச் செயின்தான். சிறிய மிஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மி.மீ. பெரிய 3/8 செயின் என்றால் 5.2 அல்லது 5.5, கம்பெனியைப் பொறுத்து மாறும், செயின் அட்டையைப் பாருங்கள். பிட்ச் பாரிலேயே பொறித்திருக்கும். சிறிய அரத்தைப் போட்டால் அது பல்லின் அடியில் பள்ளம் பறிக்கும், வெட்டும் முனை கொக்கி போலாகி சீக்கிரம் மழுங்கும்.

அரத்தை வெறும் கையில் பிடிக்காமல், கோணக் கோடு போட்ட பிடியான கைடில் மாட்டுங்கள். அதிலுள்ள 30 டிகிரி கோடு செயினுக்கு இணையாக இருந்தால் கோணம் தானாக அமையும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளியே, தள்ளும்போது மட்டும் ராவுங்கள். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை. வலது பற்கள் நீளமாகவும் இடது பற்கள் குட்டையாகவும் இருந்தால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும். அப்போது பாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதையெல்லாம் செய்ய மிஷின் ஆடாமல் நிற்க வேண்டும். அடிமரத்தில் அடித்து இறக்கி, பாரை இறுக்கிப் பிடிக்கும் சிறிய வைஸ் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். என்ஜினை அணைத்து, செயின் ஆறிய பிறகு, தடித்த கையுறை போட்டுக்கொண்டு உட்காருங்கள். ராவும்போது செயின் பிரேக் போட்டிருக்கட்டும், செயினை நகர்த்த மட்டும் விடுவியுங்கள்.

நான் பார்த்த பைகளில் அதிகம் இல்லாதது டெப்த் கேஜ் தகடும் பட்டை அரமும்தான். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருக்கும் குட்டி மேடுதான் டெப்த் கேஜ். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல்லின் மேல்பக்கம் பின்னோக்கிச் சரிவதால், ராவ ராவ வெட்டும் முனை தாழும். மேடு அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் பல் கூராக இருந்தும் மரத்தைத் தொடாது, வெறும் தூள்தான் வரும். 0.325, 3/8 செயின்களுக்கு இந்த உயர வித்தியாசம் 0.65 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். தகட்டை வைத்துப் பாருங்கள், வெளியே நீட்டியதை மட்டும் பட்டை அரத்தால் எடுத்துவிட்டு, மேட்டின் முன்முனையை லேசாக உருட்டிவிடுங்கள்.

கண்மதிப்பில் மேட்டைத் தேய்ப்பவர்களிடம்தான் எனக்குப் பயம். 'நல்லா கடிக்குதுங்க' என்று பெருமையாகச் சொல்வார்கள். அளவுக்கு மேல் தேய்ந்தால் பல் மரத்தில் மாட்டி இழுக்கும். பார் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அதிகம் தேய்த்துவிட்ட மேட்டை வளர்க்க முடியாது, பல்லைத்தான் அதற்கேற்பக் குட்டையாக்க வேண்டும்.

டிரில்லில் மாட்டும் சாணைக்கல் வேகமானதுதான், ஆனால் பல் சூடாகி நீலம் பாய்ந்தால் அந்த முனையில் உறுதி இருக்காது. அவசரத்துக்குப் பயன்படுத்தினால் தொட்டுத் தொட்டு எடுங்கள், கண்ணாடி போடுங்கள். தினசரி வேலைக்கு அரம் போதும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் இரண்டு தள்ளல் ராவினால் செயின் முழுதாக மழுங்கும் நிலைக்கே போகாது.

அரங்களை ஸ்பேனரோடு ஒன்றாகப் போடாதீர்கள், உரசியே பல் தேய்ந்துவிடும். தனித்தனித் துணியில் சுற்றி ஒரு பிவிசி குழாயில் வைத்தால் வருடக்கணக்கில் வரும். கூடவே ஒரு மாற்றுச் செயின். சாலையோர மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் மறைந்திருக்கும். அதில் பட்டு நாலைந்து பற்களின் முனை சிதைந்துவிட்டால் அங்கேயே உட்கார்ந்து ராவ வேண்டாம். மாற்றுச் செயினைப் போட்டு வேலையை முடித்துவிட்டு, பழையதைப் பட்டறையில் கொடுங்கள்.